"விதி" என்று சொல்லிப் புதைக்காதீர்கள்!



ஒரு சாவு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். இதுபோன்ற வீட்டுக்கு நீங்களும் போயிருப்பீர்கள்.

வாசலில் கூடாரம். பிளாஸ்டிக் நாற்காலிகள். காலையில் வேலைக்குப் போன மகன், மறுநாள் மருத்துவமனைச் சவக்கிடங்கிலிருந்து வீடு திரும்பியிருக்கிறான். இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்ட பொருளை எடுக்கக் கையை விட்டவனை, அந்த இயந்திரம் இழுத்துக்கொண்டது. தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் மலர் வளையத்தோடு வந்தார்கள். தாயின் கையில் ஓர் உறையைக் கொடுத்தார்கள். கூடவே மலாய் மொழியில் ஒரு தாள். "ஒன்றுமில்லை அம்மா, பணம் வாங்கியதற்கு ஒரு கையெழுத்து" என்றார் ஒருவர்.

அந்தத் தாளை வாங்கி வாசித்தேன். இரண்டாவது பத்தியில் இருந்தது விஷயம். சம்பவம் இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவால் நடந்ததாம். குடும்பத்துக்கு வேறு எந்தக் கோரிக்கையும் கிடையாதாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். கூடாரத்தில் ஒரே அமைதி. அப்போது உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"விடுங்க வக்கீல் தம்பி. அவன் விதி அவ்வளவுதான். செத்த வீட்டுல எதுக்குச் சட்டம்?"

பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டு வளர்ந்த ஆறுதல் அந்த ஒரு சொல்தான். ஆனால் கூடாரத்துக்கு வெளியே, அந்தப் பையனோடு வேலை செய்த இன்னொரு பையன் என்னிடம் மெல்லிய குரலில் ஒன்று சொன்னான். அந்த இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி இரண்டு மாதமாகக் கழற்றியே வைக்கப்பட்டிருந்தது. மூடியைத் திறந்து மூடினால் உற்பத்தி தாமதமாகிறது என்று மேலே இருந்து சொன்னார்களாம்.

இப்போது சொல்லுங்கள். விதி வந்து ஸ்பேனர் எடுத்து போல்ட்டைக் கழற்றுமா?

கழற்றியது ஒரு மனிதன். கழற்றச் சொன்னது இன்னொரு மனிதன். கழற்றியதைப் பார்த்தும் பேசாமல் போனது மூன்றாவது மனிதன். மூன்று பேருக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு, சம்பளம் உண்டு. "விதி" என்ற சொல்லை நாம் உச்சரித்த அந்த நிமிடத்தில் மூவரும் தப்பித்துவிடுகிறார்கள். இறந்தவன் மட்டும் குற்றவாளி ஆகிறான். அவனுடைய கவனக்குறைவு, அவனுடைய தலையெழுத்து!

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது.

பெயரில்லாமல் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்

நம் பாட்டன்மார் எப்படிச் செத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1943 வரை, சயாம் – பர்மா மரண ரயில்பாதை போடப்பட்டது. பான் போங்கிலிருந்து தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்று சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், லயங்களில் புகுந்து பிடித்தும் ஏற்றினார்கள். மேற்குக் கரைத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிய ரயில்கள் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் வழியாகத்தான் வடக்கே போயின. இன்று நாம் பினாங்குக்கும் பாடாங் பெசாருக்கும் போய்வரும் அதே தடம்.

காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்குகள் ஒன்றுபடவில்லை. ஏன்? எழுதி வைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை!

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு அங்கே அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, வயது. அவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்தது நியாயம்தான். ஆனால் அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு? பெயர் பொறித்த கல் இல்லை. கூட்டமாகக் குழியில் போட்டார்கள், ஆற்றில் விட்டார்கள், காட்டில் எரித்தார்கள்.

ஒரு நாடு தன் படைவீரனைப் பெயர் சொல்லி நினைவு வைத்தது. நம் பாட்டனை எவரும் பெயர் சொல்லி நினைவு வைக்கவில்லை. பெயர் இல்லாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதைத்தான் நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நினைவுகூர்தல் என்பது பூப்போட்டு ஊதுபத்தி ஏற்றுவதோடு முடிவதல்ல. எத்தனை பேர், யார், எங்கே, எதனால், யாருடைய உத்தரவால் என்று கேட்டு எழுதி வைப்பதுதான் நினைவுகூர்தல்.

சட்டம் சும்மா வரவில்லை

1991 மே 7. சிலாங்கூர், சுங்கை பூலோ. பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளும் தரைமட்டமாயின. நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்தது.

அதுவரை நம் நாட்டில் இருந்த முக்கியச் சட்டம் 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம். பெயரிலேயே தெரிகிறது, அது தொழிற்சாலைக்கும் இயந்திரத்துக்குமான சட்டம். வெயிலில் மருந்தடித்த நம் தாய்மாருக்கோ, செம்பனைக் குலை வெட்டிய நம் தகப்பன்மாருக்கோ அதில் இடமில்லை. சுங்கை பூலோ சாவுகளுக்குப் பிறகுதான், 1994 பிப்ரவரியில், தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் விவசாயமும் சேர்க்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் உயிரைக் காப்பதும் முதலாளியின் சட்டபூர்வக் கடமை என்று எழுதப்பட்டது அதற்குப் பிறகுதான்.

அந்த 26 பேரும் விதியால் செத்தார்கள் என்று நாடு முழுவதும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்தச் சட்டம் வந்திருக்குமா? அந்தச் சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உயிர் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. நாம் அதைப் படிக்காமல் வைத்திருப்பது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

மெல்லச் செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

வெடித்துச் செத்தால் பத்திரிகையில் படம் வரும். நுரையீரல் அழுகிச் செத்தால்?

நம் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். அம்மாவோ, பாட்டியோ, பெரியம்மாவோ ஒருவர் தோட்டத்தில் மருந்தடித்திருப்பார். முதுகில் பம்பு. கையில் குழாய். சட்டைக்கு மேல் கணவரின் பழைய சட்டை, முகத்தில் துண்டு. பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனையும். காற்று திரும்பினால் மருந்து முகத்தில் அடிக்கும். நகம் நிறம் மாறி விழும். மூக்கில் இரத்தம் வரும். கண் எரியும். கிளினிக்குக்குப் போனால் உடம்பு வலி மாத்திரை!

அந்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். கிராமக்சோன் என்றால் எல்லாருக்கும் தெரியும். உடலில் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் நுரையீரலை இறுக்கி, மூச்சை நிறுத்தும் விஷம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. நச்சுக்கொல்லி வாரியம் 2002-இல் இதைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. தோட்ட நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது எப்போது தெரியுமா? 2020 ஜனவரி 1. சுவிட்சர்லாந்து 1989-லேயே தடை செய்த விஷம் அது. இங்கே அறிவித்த பிறகும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் நம் பெண்களின் முதுகில் தொங்கியது!

அந்தத் தடைக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் நம் கெடா மண்ணின் மகள். ஐரின் பெர்னாண்டஸ். 1946-இல் பிறந்தவர், ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவரின் மகள். 1991-இல் தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு தோட்டங்களுக்குப் போய், மருந்தடிக்கும் பெண்களிடம் பேசி, அவர்களுடைய உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதியது. 2005-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. 2014-இல் மறைந்தார். பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை" என்று ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக முனகியதை, "இந்த மருந்து எங்களைக் கொல்கிறது" என்ற ஒரே குரலாக மாற்றினார்கள்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் வேலை காரணமாக இறக்கிறார்கள். அதில் சுமார் 26 லட்சம் பேர் நோயால் இறப்பவர்கள். விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். அதாவது பத்தில் ஒன்பது சாவு சத்தமே இல்லாமல் நடக்கிறது. நம் தோட்டத்துச் சாவுகள் பலவும் அந்த ஒன்பதில்தான் இருந்தன. மரணச் சான்றிதழில் எழுதியது வேறு ஏதோ காரணம்.

தோட்டம் போனது, ஆபத்து போகவில்லை

இன்று கெடாவில் நிலைமை என்ன? பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று சிதறினார்கள். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால் வெட்டியவரின் மகள் மின்னணுத் தொழிற்சாலையில் மூன்றாவது ஷிப்ட். மகன் லாரி, போர்க்லிஃப்ட், கிடங்கு, பாதுகாவலர் வேலை.

வேலை மாறியது. வேலைக்கு ஆள் எடுக்கும் முறையோ பழைய கங்காணி முறைக்கே திரும்பிவிட்டது! தொழிற்சாலை ஒருவருடையது. வேலையைக் குத்தகை எடுத்தவர் இன்னொருவர். ஆள் அனுப்பியவர் மூன்றாமவர். உயிர் போனால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். "அவன் எங்கள் ஆள் இல்லை" என்கிறார் தொழிற்சாலைக்காரர். "நான் ஆள் மட்டும்தான் கொடுத்தேன்" என்கிறார் குத்தகைக்காரர். உயிரோடு இருக்கும்போது எல்லாருக்கும் அவன் தேவைப்பட்டான். செத்த பிறகு அவன் யாருடைய ஆளும் இல்லை!

ஆபத்துகள் ஒன்றும் புதியவை அல்ல. செம்பனைக் குலை வெட்டும் நீள அலுமினியக் கம்பி மேலே போகும் மின்கம்பியில் பட்டால் நொடியில் உயிர் போகும். எண்ணெய் ஆலையில் கழிவுத் தொட்டிக்குள் இறங்குபவன் விஷவாயுவில் மயங்குவான், காப்பாற்ற இறங்குபவனும் அவனோடு சாவான். கூரை மாற்ற ஏறியவன் இடுப்பில் கயிறு இல்லாமல் விழுவான். இரட்டை ஷிப்ட் முடித்து, மழையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவன் தூங்கி விழுவான். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த சாவுகள். தடுக்கும் வழியும் தெரிந்தவை. தொட்டிக்குள் இறங்குமுன் காற்றை அளக்கும் கருவி, இயந்திரத்தைத் திறக்குமுன் மின்சாரத்தைப் பூட்டும் ஒரு பூட்டு, இடுப்புக்கு ஒரு கயிறு. ஓர் உயிரோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை சில்லறைக் காசு.

நம்மோடு சேர்ந்து இன்று நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளிகளும் சாகிறார்கள். "வந்தேறி" என்று அவர்களை ஏளனம் செய்யும் நம்மவர்களைப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. கப்பலில் வந்த நம் பாட்டனை அன்று எந்தக் கண்ணால் பார்த்தார்களோ, அதே கண்ணால்தான் இன்று அவர்களைப் பார்க்கிறோம். அவர்களுடைய உயிர் மலிவாக இருக்கும் வரை நம்முடைய உயிருக்கும் விலை ஏறாது.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அதே நாளில் நீக்கப்பட்டது. இதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

1. தொழிலாளர் பாதுகாப்புக் கடமையை மீறும் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் முன்பு 50,000 வெள்ளி. இப்போது 500,000 வெள்ளி. இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. நிறுவனத்தின் இயக்குநர், நிர்வாகி மீதும் சேர்த்து வழக்குத் தொடரலாம்.

2. வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும் கடமை உண்டு. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அவர் கையில் இருக்கும்போது, "அவன் எங்கள் ஆள் இல்லை" என்று கைகழுவ முடியாது.

3. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது.

4. கையுறை, காலணி, முகக்கவசம் போன்ற சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

5. பாதுகாப்புக் குறைபாட்டைப் பற்றிப் புகார் செய்ததற்காக உங்களை வேலையை விட்டு நீக்குவது குற்றம்.

6. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். நாற்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு.

மூன்றாவதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். 2013 ஏப்ரல் 24-இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. தையல் தொழிலாளர்கள் 1,134 பேர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. அதே கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் சம்பளத்தைக் காட்டி மிரட்டி மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். "நான் உள்ளே போகமாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருந்திருந்தால் அத்தனை உயிரும் பிழைத்திருக்கும். அந்த உரிமை இன்று மலேசியாவில் நம் கையில் இருக்கிறது. ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? எத்தனை தொழிற்சாலைகளில் தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்?

சட்டத்தில் உள்ள ஓட்டை

நல்லதைச் சொன்னேன். கெட்டதையும் சொல்ல வேண்டும். சட்டம் படித்தவன் அதை மறைத்தால் அது மோசடி.

வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சொக்சோ உதவுகிறது. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சார்ந்தோர் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவருக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. திருமணமாகாதவர் இறந்தால் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நடந்த விபத்தும் இதில் அடங்கும். 2019 முதல் சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இது பிச்சை இல்லை. மாதா மாதம் கட்டிய சந்தாவின் பலன்.

ஆனால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறது. சொக்சோவில் பதிந்த தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால், அவருடைய குடும்பம் முதலாளி மீது தனியாக நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. மூடியைக் கழற்றச் சொன்ன முதலாளியாக இருந்தாலும் முடியாது!

யோசித்துப் பாருங்கள். சாலையில் ஒருவர் உங்களை மோதினால் வழக்குப் போடலாம். வேலையிடத்தில் தெரிந்தே ஆபத்தில் தள்ளினால் போட முடியாது. அப்படியானால் முதலாளியைப் பயமுறுத்த என்ன இருக்கிறது? ஜேகேகேபி எனப்படும் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகா தொடரும் குற்ற வழக்கு ஒன்றுதான். அந்த வழக்கில் விதிக்கப்படும் அபராதமும் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. மகனை இழந்த தாய்க்கு அதில் ஒரு சென் கிடையாது.

ஆகவே நம் கோரிக்கை இது. முதலாளியின் அப்பட்டமான அலட்சியத்தால் மரணம் நேர்ந்திருந்தால் 31-ஆம் பிரிவின் தடை நீக்கப்பட வேண்டும். நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தில் ஒரு பங்கு குடும்பத்துக்குப் போக வேண்டும். வேலையிட மரணம் ஒவ்வொன்றின் விசாரணை முடிவும் குடும்பத்துக்கு எழுத்து மூலம் தரப்பட வேண்டும். பாதுகாப்பு அறிவிப்பும் பயிற்சியும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் தாமானுக்குள் வந்து அரிசி மூட்டை கொடுக்கும் தலைவர்களிடம் இந்த நான்கையும் கேளுங்கள். அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

அந்த நாள் வந்தால் என்ன செய்வது?

வரக்கூடாது என்றுதான் வேண்டுகிறேன். வந்தால், அழுகைக்கு நடுவில் யாராவது ஒருவர் இதைச் செய்யுங்கள்.

எந்தத் தாளிலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துவிட்டுத் தருகிறோம்" என்று சொல்லி வாங்கி வையுங்கள்.

போலீஸ் புகார் செய்து அதன் பிரதியை வாங்குங்கள். இயந்திரத்தாலோ விபத்தாலோ ஒருவர் இறந்தால் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329-ஆம் பிரிவு சொல்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு விண்ணப்பம் செய்யுங்கள்.

முதலாளி ஜேகேகேபிக்குத் தெரிவித்தாரா என்று நீங்களே அந்த இலாகாவிடம் கேளுங்கள். விசாரணைக்கு முன் விபத்து நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. கழுவித் துடைத்துவிட்டு அன்று மாலையே இயந்திரத்தை ஓட்டியிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

கூட வேலை செய்தவர்களின் பெயர், தொலைபேசி எண்களை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள், மீதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

சொக்சோவுக்கு விண்ணப்பியுங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. இறந்தவரை அவர் பதியாமல் விட்டிருந்தால் அது அவருடைய குற்றம். அதற்காக நீங்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டு, வேலை அட்டை, வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் வாயிலிருந்தும் "விதி" என்ற சொல் வர விடாதீர்கள். பெரியவர் யாராவது சொன்னால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "ஐயா, விதி இருக்கட்டும். மூடியைக் கழற்றினது யாருன்னு முதல்ல கேட்போம்."

ஏப்ரல் 28

1984-இல் கனடா நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று, வேலையில் இறந்தவர்களை நினைவுகூர ஏப்ரல் 28-ஐத் தேர்ந்தெடுத்தது. இன்று பல நாடுகளில் அந்த நாள் அனுசரிக்கப்படுகிறது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2003 முதல் அதே நாளை வேலையிடப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறது. மே தினத்துக்கு மூன்று நாள் முன்னால்.

நம் தாமான் கோயில்களில், தமிழ்ப்பள்ளி மண்டபங்களில், தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் அன்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோம். பெரிய மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தலைவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் குடும்பத்தில், உங்கள் லயத்தில், உங்கள் அடுக்குமாடியில் வேலை செய்யும்போது இறந்தவர், வேலையால் நோயுற்று இறந்தவர் யார்? பெயர் என்ன? எந்த ஆண்டு? எந்த வேலை? எதனால்? ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள். ஒரு பிள்ளை எழுதட்டும். மருந்தடித்த பாட்டியின் பெயரை எழுதுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டனின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு எல்லாரும் கேட்க அந்தப் பெயர்களை உரக்க வாசியுங்கள்.

காஞ்சனபுரியில் நமக்குக் கிடைக்காத கல்லை நாம் தாளில் எழுப்புவோம். அந்த நோட்டுப் புத்தகம்தான் நாளை நாம் மனுவோடு நாடாளுமன்றத்துக்கும், ஜேகேகேபி அலுவலகத்துக்கும் எடுத்துப்போகும் ஆதாரம். எண்ணிக்கை இல்லாத சமூகத்தின் சாவுக்கு எந்த அமைச்சரும் பதில் சொல்லமாட்டார்.

அந்தத் தாய் கையெழுத்துப் போடவில்லை. உறையையும் தாளையும் திருப்பிக் கொடுத்தார். என்னைத் தடுத்த அதே பெரியவர்தான் அன்று சாயங்காலம் மோட்டாரை எடுத்துக்கொண்டு என்னோடு போலீஸ் நிலையத்துக்கு வந்தார். புகார் எழுதி முடித்த பிறகு வெளியில் நின்று கேட்டார்: "இதெல்லாம் முன்னமே தெரிஞ்சிருந்தா எங்க அண்ணனுக்கும் செஞ்சிருக்கலாமே, தம்பி?"

அவருடைய அண்ணன் செத்தது நாற்பது வருடத்துக்கு முன்னால், தோட்டத்து ஆலையில். அதையும் அன்றுவரை விதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் நோட்டுப் புத்தகத்தில் முதல் பெயராக அந்த அண்ணனின் பெயரை எழுதுவோம்!

செத்தவர்களை எண்ணுவோம்! இருப்பவர்களைக் காப்போம்!